சிறுபோகக் குளிசை

நேசமலரின் ஸ்கூட்டி வீதியில் தெரிந்தால் போதும், அந்தக் குளத்தடி ஊரில் சிலர் தாங்களாகவே ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். "அக்கா, இண்டைக்கு நாலு" என்று ஓட்டோவுக்குள் இருந்தபடியே சுமன் கத்துவான். தேத்தண்ணிக் கடை வாசலில் நிற்கும் விமலேஸ்வரி மூன்று விரலைத் தூக்கிக் காட்டுவார். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் இதை ஏதோ சூதாட்டம் என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. உண்மையில் அவர்கள் சொன்னது கால் நோவின் அளவு. அதுவும் இருக்கிற காலின் நோ அல்ல, இல்லாத காலின் நோ.

வன்னியில், மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் வீதியில், மாரியில் காலபோக நெல்லும், கோடையில் குளத்துத் தண்ணீரில் சிறுபோக நெல்லும், கச்சான் கடலையும் விளைகிற சாதாரண ஊர் அது. போரின் கடைசி மாதங்களில் காலை விட்டுவிட்டு வந்தவர்கள் அங்கே பலர். பொய்க்காலைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார்கள், ஓட்டோ ஓடுவார்கள், கடை நடத்துவார்கள். பகலில் ஒரு குறையும் தெரியாது. இரவில் படுத்தால்தான், எப்போதோ போய்விட்ட காலின் பெருவிரல் முறுகும், குதிக்கால் நெருப்பாய் எரியும். தடவிக் கொடுக்கலாமென்று கையைக் கொண்டுபோனால் அந்த இடத்தில் பாய்தான் இருக்கும். இதைப்போல ஒரு அநியாயமான நோ உலகத்தில் வேறு இல்லை.

இந்த நோவுக்கு விழுங்குகிற ஒரு மருந்துக் குளிசை கேட்குமா என்று பார்க்கத்தான் டொக்டர் தேனுகா ஒரு ஆய்வு தொடங்கினார். முப்பது வயதைத் தாண்டிய, அதிகம் கதைக்காத பெண். வன்னியில் பல ஊர்களில் ஆட்களைச் சேர்க்க வேண்டியிருந்ததால், ஊருக்கு ஒரு களப்பணியாளர் தேடினார். முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்த நேசமலருக்கு இந்த ஊர் வந்தது. அவளுக்கு எல்லா வீட்டு நாயும் பழக்கம். அதைவிடப் பெரிய தகுதி அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை.

பயிற்சி வவுனியாவில், நெளுக்குளம் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அங்கே சொற்கள்தான் அவளைப் பயமுறுத்தின. எழுமாற்று ஒதுக்கீடு, கட்டுப்பாட்டுக் குழு, இருபக்க மறைப்பு, பக்கச்சார்பு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் வந்தாலே கடைசி வரிசையில் போய் ஒளியும் ஆள் அவள். மத்தியானச் சாப்பாட்டோடு பஸ் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் தேனுகா பொறுமையாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கியது.

விஷயம் இவ்வளவுதான். ஆட்களில் பாதிப் பேருக்கு மருந்துக் குளிசை. மற்றப் பாதிக்கு அதே மஞ்சள் நிறத்தில், அதே அளவில், உள்ளே மருந்தில்லாத வெறும் குளிசை. வெறும் குளிசை எடுக்கிற பக்கம்தான் கட்டுப்பாட்டுக் குழு. அது எதற்கென்றால், எந்தக் குளிசையை விழுங்கினாலும் மனிதனுக்குக் கொஞ்சம் தென்பு வரும். சில நோ தானாகவும் குறையும். அந்தக் குறைவையெல்லாம் கழித்துப் பார்த்தால்தான் மருந்து செய்த வேலை எதுவென்று தெரியும். யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். அது எழுமாற்று. எடுப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. அது இருபக்க மறைப்பு. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும், சாய்ந்த மனம் தான் விரும்பியதையே காணும். அது பக்கச்சார்பு.

நேசமலருக்கு இதில் மிகவும் பிடித்துப்போனது அந்தக் குலுக்கல்தான். வீட்டுத்திட்டப் பட்டியல், ஆட்டுக்குட்டிப் பட்டியல், கோழிக்கூட்டுப் பட்டியல் என்று, போருக்குப் பிறகு வந்த உதவிகளில் அவள் வாழ்க்கையில் பார்க்காத பட்டியல் இல்லை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவரைத் தெரிந்திருந்தது. ஒருவருடைய கையும் படாத ஒதுக்கீடு ஒன்று இருக்கிறதென்று கேட்டதும், அவளுக்கு அந்தப் படிப்பில் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ஒன்றுதான் இடித்தது. ஆய்வில் வேலை செய்பவரின் வீட்டார் அதில் சேர முடியாது. அதற்கும் ஒரு பெயர் இருந்தது, விலக்கல் நிபந்தனை. நேசமலரின் கணவர் தங்கராசாவுக்கும் இடக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவருக்கும் இரவில் அந்தப் பாதம் எரியும். கடைசிச் சண்டையில் வந்து விழுந்து, அவர்களுடைய ஒரே மகள் மேனுகாவைக் கொண்டுபோன அதே செல்தான் அந்தக் காலையும் கொண்டுபோனது. வீட்டுக்கு வந்து, உங்களைச் சேர்க்க முடியாதாம் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, முற்றத்தில் யாரோ திருத்தக் கொடுத்த, தண்ணி இறைக்கிற பம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கராசா "சரி" என்றார். பிறகு நட்டுச் சாவியைத் திருப்பி அடுத்த நட்டைக் கழற்றினார். அந்த மனிதருடைய கதையெல்லாம் இந்த அளவில்தான் இருக்கும்.

முன்பள்ளி மண்டபத்தில் ஆட்களைக் கூட்டி விளக்கம் சொல்லும் நாள் வந்தது. விளங்கிக்கொண்டு, விருப்பத்தோடு சம்மதித்தால் மட்டுமே சேர்க்கலாம் என்பது சட்டம். தேனுகா எழுதிவைத்ததை வாசிக்க வாசிக்க, முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நேசமலர் எழும்பினாள்.

"சிறுபோகத்துக்குக் குளத்திலை தண்ணி காணாதெண்டால் நாங்கள் என்ன செய்யிறனாங்கள்? சீட்டுக் குலுக்கித்தானே காணித்துண்டு பிரிக்கிறம்? அதிலை ஆரும் சண்டை பிடிக்கிறேல்லைத்தானே? இதுவும் அப்பிடித்தான்."

மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. ஓ, அப்படியா, அதை முதலே சொல்லியிருக்கலாமே என்பதுபோல எல்லோரும் வரிசையில் வந்து கையெழுத்து வைத்தார்கள். தேனுகா அவளுடைய தோளில் தட்டினார். நேசமலர் அன்று வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டி நிலத்தில் ஓடியதா என்பது சந்தேகம்.

பிறகு ஒவ்வொரு வாரமும் வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டாள். பூச்சியம் என்றால் நோவே இல்லை. பத்து என்றால் நீங்கள் நினைக்கக்கூடிய ஆகப் பெரிய நோ. உங்களுடைய நோ எத்தனை? கேட்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்பதால், கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தைக் கல்லாக வைத்துப் பழகினாள். சுமன் சொண்டைக் கடித்துக்கொண்டு மூன்று என்பான். விமலேஸ்வரி பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் நிற்க, மூன்றரை என்பார். இந்த ஊரார் ஏன் இவ்வளவு குறைத்துச் சொல்கிறார்கள் என்று தேனுகா ஒருமுறை கேட்டார். எங்கட சனம் பொறுமைசாலிகள் என்று நேசமலர் சொல்லிச் சமாளித்தாள்.

வாரங்கள் போகப் போக ஊரில் எண்கள் இறங்கின. அதைவிடப் பெரிய அதிசயம் அவளுடைய வீட்டிலேயே நடந்தது. தங்கராசா நித்திரை கொள்ளத் தொடங்கினார். முன்பெல்லாம் சாமம் முழுக்க எழும்பியிருந்து வெட்டுப்பட்ட இடத்தைக் கையால் குத்திக்கொண்டிருக்கும் மனிதர், விடியும்வரை குறட்டை விட்டார். நேசமலர் பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தி பலித்துவிட்டதென்று நினைத்தாள். கோயிலுக்குப் போய் ஒரு தேங்காயும் உடைத்தாள்.

தேங்காய் உடைத்த கிழமையே, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது, அவருடைய சட்டைப் பையில் ஒரு கடதாசிச் சுருள் கைக்குத் தட்டுப்பட்டது. விரித்துப் பார்த்தாள். இரண்டு மஞ்சள் குளிசைகள். வேறு எந்த மருந்தும் அந்த நிறத்தில் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஈரக்கையோடு போய் அவருக்கு முன்னால் நீட்டினாள். தங்கராசா ஒளிக்கவில்லை. சுமன் கொண்டுவந்து தருகிறான், என்னுடைய பங்காம் என்றார்.

பங்கு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் தோய்த்த உடுப்பைக் கிணற்றடியிலேயே விட்டாள். சுமனும் மற்றவர்களும் கூடுகிற விமலேஸ்வரியின் கடைக்கு நேரே போனாள். வெள்ளிக்கிழமை பின்னேரம். கடைக்குப் பின்னால் பலகை வாங்குகளில் ஊரின் கால் இல்லாதவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நடுவில் தகரத்தால் ஆன ஒரு பெரிய பால்மா ரின். எல்லோருடைய குளிசைப் போத்தல்களும் அதற்குள் கவிழ்க்கப்பட்டு, நன்றாகக் கலக்கப்பட்டு, விமலேஸ்வரி ஆளுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நேசமலரைக் கண்டதும் ஒருவரும் திடுக்கிடவில்லை. இருக்கச் சொல்லி இடம் விட்டார்கள்.

"என்ன விமலேசக்கா இது?"

"நீதானே பிள்ளை சொன்னனீ, சிறுபோகம் மாதிரியெண்டு" என்றார் விமலேஸ்வரி. "பாதிப் பேருக்கு வெறும் குளிசையெண்டால் அவை பாவமெல்லே. அதுதான் எல்லாத்தையும் கலந்து பிரிக்கிறம். தங்கராசாவுக்கு மட்டும் சீட்டு இல்லையெண்டிட்டினம். அவரை விட்டிட்டு எங்களுக்கு எப்பிடித் தொண்டையாலை இறங்கும்? முறை வைச்சு ஆளுக்கொரு நாள் விட்டுக்குடுக்கிறம்."

நேசமலருக்கு அப்போதுதான் எல்லாம் வெளித்தது. சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால், குளத்துக்குக் கிட்ட, வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயல்களை மட்டும் விதைப்பார்கள். அந்த வயல்களை ஊரார் எல்லோருக்கும் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். கடைசி வாய்க்கால்காரனுக்கும் ஒரு துண்டு கட்டாயம் உண்டு. சீட்டுக் குலுக்குவது எந்தத் துண்டு யாருக்கு என்று பார்க்க மட்டும்தான், ஒருவரை வெறுங்கையோடு அனுப்ப அல்ல. அவள் குலுக்கலை மட்டும் நினைத்து உவமை சொன்னாள். சனம் முழுச் சிறுபோகத்தையும் விளங்கிக்கொண்டது. அவர்கள் பிழை செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்திருந்தார்கள்.

அவள் வீட்டுக்குப் போகாமல் குளக்கட்டில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இருந்தாள். மருந்தும் வெறும் குளிசையும் கலந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரியாவிட்டால் நல்ல மருந்தையும் உதவாது என்று எழுதிவிடக்கூடும். பிறகு வேறு ஊர்களில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு அது கிடைக்காது. தங்கராசாவை ஒருவரும் சோதிக்காமல், எது மருந்து என்று தெரியாமல் விழுங்க விடுவதும் ஆபத்து. இதெல்லாம் அவளுக்குத் தெளிவாக விளங்கியது. விளங்கினாலும் வாயைத் திறக்க மனமில்லை. சொன்னால் அந்த மனிதருடைய நித்திரை போய்விடும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

ஒரு ஊர்தானே, சிறிய ஊர்தானே, இதால் என்ன வந்துவிடப்போகிறது என்று அவளுக்குள் ஒரு குரல் நியாயம் சொல்லிக்கொண்டே இருந்தது. நல்ல நல்ல நியாயங்கள். அவ்வளவு நியாயமும் ஒரே பக்கத்திலிருந்து வருவதைக் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தாள். பக்கச்சார்பு என்பது யாரோ கெட்டவர்கள் செய்கிற களவு என்றுதான் பயிற்சியின்போது நினைத்திருந்தாள். அது புருசனுடைய குறட்டைச் சத்தமாகவும் வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. குளக்கட்டில் இருந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

டொக்டருக்குச் சொல்லப்போகிறேன் என்று முதலில் தங்கராசாவிடம்தான் சொன்னாள். அவர் பம்மைக் கீழே வைத்தார்.

"சொல்லும். சொல்லத்தான் வேணும்" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கோபமில்லாமல், "ஊர் முழுக்கக் கேட்டுத் திரியிறீர், நோ எவ்வளவெண்டு. என்னட்டை மட்டும் ஒருநாளும் கேக்கேல்லை" என்றார்.

நீங்கள் ஆய்வில் இல்லைத்தானே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். அது உண்மைதான். ஆனால் ஆய்வு வருவதற்கு முன்னும் அவள் கேட்டதில்லை. கேட்டால் கதை காலோடு நிற்காது, மகளிடம் போய்விடும் என்ற பயம். இரண்டு பேரும் அந்தப் பெயரைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

தேனுகா அடுத்த நாளே வந்தார். ஏச்சு விழப்போகிறதென்று நேசமலர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். டொக்டரோ விமலேஸ்வரியின் கடை வாங்கில் இருந்து, அந்தப் பால்மா ரின்னை எடுத்து மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு, தன்னுடைய விளக்கம் ஒருவருக்கும் விளங்கவில்லை என்று தெரிந்தும் உவமையை நம்பிக் கையெழுத்து வாங்கியது தன்னுடைய பிழை என்றார். சட்டென்று நிறுத்தக்கூடாத மருந்து என்பதால், எல்லோரையும், தங்கராசாவையும் சேர்த்து, சோதித்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

இந்த ஊரைக் கணக்கிலிருந்து வெட்டிவிடுவீர்களா என்று நேசமலர் கேட்டாள். தேனுகா இல்லை என்றார்.

"குலுக்கேக்கை ஆர் எந்தப் பக்கமோ, கடைசிவரைக்கும் அந்தப் பக்கத்திலைதான் எண்ணுவம். ஒழுங்காய் எடுத்த ஆக்களை மட்டும் பொறுக்கி எண்ணினால் நாங்களே எங்களை ஏமாத்தினமாதிரி. இஞ்சை கலந்ததையும் மறைக்காமல் எழுதுவம்."

இது நேர்மைதான். ஆனால் நேர்மை ஊருக்கு ருசிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றது. ஸ்கூட்டியைக் கண்டால் சுமன் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். விமலேஸ்வரி விரலைத் தூக்குவதில்லை, முகத்தையும் தூக்குவதில்லை. தேத்தண்ணி கேட்டால் பால் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது, பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருக்கும்போதே. தங்கராசா மறுபடி சாமத்தில் எழும்பினார். அவள் விழித்திருந்தும் நித்திரைபோலக் கிடந்தாள். நல்லதைச் செய்தவளுக்கு இந்த உலகம் உடனே சம்பளம் கொடுப்பதில்லை.

காலபோகம் விதைத்து, அறுத்து, நெல்லு மூட்டை வீதிக்கு வந்த காலத்தில் முடிவும் வந்தது. மற்ற ஊர்களில் மருந்து எடுத்தவர்களுக்கு, வெறும் குளிசை எடுத்தவர்களைவிட நோ ஓரளவு கூடக் குறைந்திருந்தது. எல்லோருக்கும் அல்ல, அற்புதமாகவும் அல்ல, ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு. குளத்தடி ஊரில் மட்டும் இரண்டு பக்கத்தாருக்கும் ஒரேயளவு நன்றாகக் குறைந்திருந்தது. ஆளுக்குப் பாதி மருந்து செய்த வேலையா, வாராவாரம் ஒன்றாகக் கூடியிருந்த வேலையா என்று நேசமலர் ஆசையோடு கேட்டாள். ஒரு ஊரை வைத்து, கலந்ததை வைத்து, அதைச் சொல்ல முடியாது என்றார் தேனுகா. சொல்ல முடியாது என்பது நேசமலருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார்த்தாள்.

அதன்பிறகு ஆசுபத்திரிக் கிளினிக்கில் அந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். குலுக்கல் இல்லை, வெறும் குளிசை இல்லை, தேவையானவர்களுக்குச் சோதித்துப் பார்த்துக் கொடுப்பது. முதல் கிளினிக் நாளன்று சுமனின் ஓட்டோ நேசமலரின் படலைக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே விமலேஸ்வரி. தங்கராசாவை ஏற்றிக்கொண்டார்கள். நேசமலர் படலையில் நின்றாள். ஓட்டோ புறப்படும்போது விமலேஸ்வரி வெளியே தலையை நீட்டி, வெள்ளிக்கிழமை கடைக்கு வா, அவரவர் குளிசையை அவரவர் எடுப்போம், தேத்தண்ணி மட்டும் பங்கு என்றார். அதற்குமேல் சமாதானம் பேச அந்த மனுசிக்குத் தெரியாது.

தங்கராசா மருந்து எடுத்துக் கொஞ்ச நாள் போனபிறகு, ஒரு காலையில் நேசமலர் முற்றத்துக்கு வந்தாள். அவர் பம்மைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளவில்லை.

"பூச்சியத்திலை இருந்து பத்து வரைக்கும், உங்கடை நோ எவ்வளவு?"

தங்கராசா நிமிர்ந்து பார்த்தார். "பத்து எண்டால் என்ன?"

"நீங்கள் நினைக்கக்கூடிய ஆகப் பெரிய நோ."

அவர் கையிலிருந்த நட்டைக் கீழே வைத்தார்.

"அதை நினைச்சுப் பாக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்" என்றார். "மேனுகாவை மண்ணுக்குள்ளை வைச்ச அண்டு பத்து. அதோடை பாத்தால் இந்தக் கால் ஒரு நாளும் மூண்டைத் தாண்டினதில்லை."

சுமன் ஏன் சொண்டைக் கடித்துக்கொண்டு மூன்று என்றான், விமலேஸ்வரி ஏன் அழுதுகொண்டு மூன்றரை என்றார் என்று அவளுக்கு அந்த இடத்தில் விளங்கியது. இந்த ஊரில் எல்லோருடைய பத்தும் போரிலேயே வந்து போய்விட்டது. அதைத் தேனுகாவுக்குச் சொல்ல வேண்டும், கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அது பிறகு.

"எனக்கும் அதுதான் பத்து" என்றாள்.

இத்தனை வருடத்தில் அதை அவர்கள் ஒருவருக்கொருவர் சொன்னது அன்றுதான். தங்கராசா இருந்தபடியே கதிரைக்குக் கிட்ட அரக்கி வந்தார். கையில் எண்ணெய் இருந்தபடியால் புறங்கையால் அவளுடைய முழங்காலைத் தொட்டார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது எவ்வளவு என்று மறுபடியும் கேட்டாள்.

"ரண்டு எண்டு வையும்" என்றார் தங்கராசா. "உமக்கு?"

அந்தக் கேள்வியை அவளிடமும் அதுவரை யாரும் கேட்டதில்லை.